வதந்தியும் விதியும்

நுழையும்முன்

அலைபேசித் திரையில் நாள்தோறும் வந்து குவியும் செய்திகளுள் மெய் எது, பொய் எது எனப் பிரித்தறிவது இன்றைய வாழ்வின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாகிவிட்டது. வாகனம் ஓட்டும்போது அலைபேசியைப் பயன்படுத்தக் கூடாது எனப் பரவும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு சோதிப்பது, சோதித்தபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓர் இரவு தங்கிய ஊர்

காஞ்சிபுரத்தின் தென்பகுதியில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்துள்ளது ஓரிக்கை. 'ஓர் இரவு இருக்கை' என்பதே நாளடைவில் ஓரிக்கை என மருவியது என்பர். திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணனை நகரைவிட்டு வெளியேறுமாறு அரசன் ஆணையிட்டான். சீடருடன் ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வாரின் சொல்லைக் கேட்டுத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே இவ்வூர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அரசன் தன் பிழையை உணர்ந்து வேண்டிக்கொண்ட பின்னரே அனைவரும் நகருக்குத் திரும்பினர்.

இக்கதையில் ஓர் ஆணை இருக்கிறது. அதனை இட்டவன் யார், அது யாருக்கு இடப்பட்டது, எப்போது விலக்கிக்கொள்ளப்பட்டது என்பவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. இன்று அதே ஊரின் தெருக்களுக்கு அலைபேசி வழியே வந்து சேரும் 'ஆணைகள்' பலவற்றுக்கு இட்டவர் பெயரும் இல்லை. இட்ட நாளும் இல்லை.

தறியின் ஓசையும் பணிமனைக்குத் திரும்பும் அரசுப் பேருந்துகளின் ஓசையும் கலந்து ஒலிக்கும் ஓரிக்கையில் ஒரு காலைப்பொழுதைக் கற்பனை செய்துகொள்ளலாம். தேநீர்க் கடையில் நிற்கும் நாலைந்து பேரின் அலைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. "நாளை முதல் வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொட்டாலே பத்தாயிரம் ரூபாய் அபராதம். காதில் கருவி மாட்டியிருந்தால் வண்டி பறிமுதல். புதிய சட்டம் வந்துவிட்டது. உடனே அனைவருக்கும் அனுப்பவும்" என்பது செய்தி. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர் திகைக்கிறார். "அண்ணே, இது நெசந்தானா?" என்று அருகில் நிற்கும் முதிய நெசவாளரைக் கேட்கிறார். "எல்லாம் புரளிப்பா, போன வருசமும் இப்படித்தான் ஒண்ணு வந்துச்சு" என்கிறார் அவர். ஓட்டுநரின் முகம் தெளிகிறது. வண்டியைக் கிளப்பும்போது அழைப்பு ஒன்று வருகிறது. அலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகிறார்.

அச்செய்தியை நம்பியவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். நம்பாதவர் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தார். இருவரும் செய்யாதது ஒன்றே: அதனைச் சோதிக்கவில்லை.

இழையைச் சோதிக்கும் ஊர்

சோதிப்பது காஞ்சிபுரத்திற்குப் புதிதன்று. பட்டு என்று யார் சொன்னாலும் உடனே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நெசவாளரிடம் இல்லை. சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவர். மெய்யான பட்டு மயிர் கருகும் மணத்துடன் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். செயற்கை இழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். சரிகையைச் சுரண்டிப் பார்ப்பர். வெள்ளிக்கம்பி சுற்றப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்ட மெய்ச்சரிகையின் உள்ளே சிவப்புப் பட்டிழை தென்படும். போலியாக இருப்பின் அது வெளிப்பட்டுவிடும்.

இவ்வூரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டதும், தூய பட்டுக்கு முத்திரை வழங்கும் முறை நாட்டில் ஏற்படுத்தப்பட்டதும் இதே நோக்கத்தால்தான். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுபவை அனைத்தும் ஒன்றல்ல என்பது கைத்தறி கற்பித்த பாடம். பல ஆயிரம் ரூபாய் பெறும் சேலைக்குச் செய்யும் சோதனையை, உயிரோடு தொடர்புடைய ஒரு செய்திக்குச் செய்யாமல் விடுவது எவ்வகையில் பொருந்தும்?

கல்லில் எழுதிய விதி

ஒரு விதி மெய்யானதா என்று அறிய எவற்றைப் பார்க்க வேண்டும்? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. தேர்தலுக்குத் தகுதியுடையோர் யாவர், தகுதியற்றோர் யாவர் என்பன மட்டும் அவற்றில் இல்லை. ஆளும் அரசன் யார், அவனது எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரின் சபை கூடி முடிவெடுத்தது, அரசன் சார்பில் உடனிருந்த அதிகாரி யார், அதனை எழுதியவர் யார் என்பனவும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விதியைப் பொதுவிடத்தில் எழுதியோர், அதனைப் படிப்பவர் எழுப்பக்கூடிய வினாக்களை முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். சொன்னவர் யார்? எந்த நாள் முதல்? எந்த ஊருக்கு? எந்த அதிகாரத்தால்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தராத எதுவும் விதியாகாது. தேநீர்க் கடைக்கு வந்த செய்தியை இவ்வினாக்களின் முன் நிறுத்தினால், நான்கிற்கும் அதனிடம் விடையில்லை. 'நாளை முதல்' என்கிறது. எந்த நாளுக்கு மறுநாள் என்று கூறவில்லை. 'புதிய சட்டம்' என்கிறது. சட்டத்தின் பெயரைக் கூறவில்லை. பெயரும் நாளும் அற்ற அச்செய்தி, எத்தனை ஆண்டுகள் கழித்துப் பரப்பப்பட்டாலும் புதியதுபோலவே தோன்றும். அதுவே அதன் வலிமை. அதுவே அதன் பொய்ம்மைக்குச் சான்று.

சட்டம் சொல்வது என்ன?

செய்தி பொய் என்று கண்டவுடன் சோதனை முடிந்துவிடுவதில்லை. செய்தி பேசும் பொருளைப் பற்றி மெய்யான சட்டம் என்ன சொல்கிறது என்று அறியும்போதே அது நிறைவடைகிறது. இங்கேதான் பலரும் பாதிவழியில் நின்றுவிடுகின்றனர்.

இந்தியாவில் சாலைப் போக்குவரத்தை நெறிப்படுத்துவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குவது அதன் 184ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டபோது, வாகனம் ஓட்டுகையில் கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலே என்னும் விளக்கம் அப்பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்லுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டது. திருத்தத்தின் தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

முதன்முறை குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது சட்டம். மூன்று ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் திருத்தியமைத்த தண்டத்தொகைப் பட்டியலின்படி, இக்குற்றத்திற்கு முதன்முறை 1,000 ரூபாய். மீண்டும் செய்தால் 10,000 ரூபாய்.

தண்டத்தோடு முடிவதில்லை. வாகனம் ஓட்டும்போது அலைபேசியைப் பயன்படுத்துவது, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஓட்டுநர் உரிமத்தை இழக்கச் செய்யும் செயல்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இத்தகைய குற்றங்களுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு 2015ஆம் ஆண்டு மாநிலங்களை வலியுறுத்தியது. வழிகாட்டும் வரைபடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிவதற்காக மட்டுமே கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம் கூறுகிறது.

ஆகவே, சோதனையின் முடிவு தேநீர்க் கடையிலிருந்த இருவருக்குமே வியப்பளிக்கக்கூடியது. 'நாளை முதல் புதிய சட்டம்' என்பது பொய். தடை என்பதோ முழு மெய். அது நாளை வரப்போவதன்று. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது. பத்தாயிரம் ரூபாய் என்பது முற்றிலும் கற்பனையன்று. குற்றத்தை மீண்டும் செய்பவருக்கு உரிய தொகை, முதன்முறைக்கு உரியதாகத் திரிக்கப்பட்டுள்ளது. நம்பி அனுப்பியவரும் பிழை செய்தார். 'புரளி' என்று ஒதுக்கியவரும் பிழை செய்தார்.

பாதி உண்மையின் தீங்கு

முழுப் பொய்யைவிடப் பாதி உண்மையே மிகுந்த தீங்கு விளைவிக்கும். அண்மைக் கால நிகழ்வுகள் சில இதற்குச் சான்றாகின்றன.

2018 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்காத நிலையில், வண்டி ஓட்டிக்கொண்டே அலைபேசியில் பேசுவது மட்டுமே கேரளக் காவல் சட்டத்தின் குறிப்பிட்ட ஒரு பிரிவின்கீழ் குற்றமாகாது என்பது அத்தீர்ப்பு. தலைப்பை மட்டும் படித்தவருக்கு அது, வண்டி ஓட்டும்போது அலைபேசியில் பேசலாம் என நீதிமன்றமே கூறிவிட்டதாகத் தோன்றும். தீர்ப்பு ஒரு மாநிலத்தின் ஒரு சட்டத்தினுடைய ஒரு பிரிவைப் பற்றியது. அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அச்செயலைப் பெயர் சுட்டிக் குற்றமாக்கியது. தீர்ப்பின் எல்லையையும் நாளையும் பாராமல் அதனை இன்றும் பரப்புபவர், பொய் சொல்லாமலேயே பொய்யைப் பரப்புகிறார்.

2023ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்தில், காதில் ஒலிக்கருவி அணிந்து வண்டி ஓட்டினால் 20,000 ரூபாய் தண்டம் என்னும் செய்தி பரவியது. அவ்வாறு புதிய விதி எதுவும் இல்லை என்று அம்மாநிலப் போக்குவரத்துத் துறை மறுத்தது. மறுப்பில் கூறப்பட்டது தொகை பொய் என்பதே. கவனம் சிதற ஓட்டலாம் என்பதன்று.

வதந்திபோல் ஒலித்தது மெய்யாக இருந்ததும் உண்டு. வாகன ஓட்டிகள் ஓட்டுநர் உரிமத்தின் நகலை அன்றி மூலத்தையே உடன் வைத்திருக்க வேண்டும் என 2017ஆம் ஆண்டு தமிழகத்தில் செய்தி வந்தபோது அதனை ஐயுற்றவர் பலர். அவ்வாண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கே வந்தது. பின்னர், அரசின் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்களையும் ஏற்கலாம் என மத்திய விதிகள் திருத்தப்பட்டன. ஒரு காலத்தில் மெய்யாக இருந்த செய்தி, பிறிதொரு காலத்தில் மெய்யாக இல்லாமற்போகலாம் என்பதற்கு இது சான்று. செய்தியின் நாளைப் பார்ப்பது, சரிகையின் உட்புறத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. வந்த செய்தியைப் பார்க்க மூன்று நொடி திரையை நோக்கினால், அந்நேரத்தில் வண்டி 33 மீட்டர் சென்றுவிடும். அது ஏறக்குறைய மூன்று பேருந்துகளின் நீளம். அத்தொலைவு முழுவதையும் ஓட்டுநர் சாலையைப் பாராமலே கடக்கிறார்.

தடை ஏன்?

"பொய்யாக இருந்தால்தான் என்ன? பத்தாயிரம் ரூபாய்க்குப் பயந்தாவது நாலு பேர் செல்போனை எடுத்து வைக்கிறார்கள் அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. இது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று. நல்ல விளைவைத் தரும் பொய் ஏற்கத்தக்கதா என்பதே இதன் உட்பொருள்.

பொய்யால் பிறந்த அச்சம், பொய் வெளிப்படும் நாளில் மறைந்துவிடும். மறையும்போது தன்னோடு ஒட்டியிருந்த உண்மையையும் இழுத்துச் சென்றுவிடும். 'தொகை பொய்' என்று அறிந்தவர் 'தடையும் பொய்' என்ற முடிவுக்கு வருகிறார். ஒருமுறை ஏமாந்தவர், அடுத்து வரும் மெய்யான அறிவிப்பையும் ஐயத்துடனேயே நோக்குகிறார். தண்டத்திற்காக மட்டும் அலைபேசியை எடுத்து வைப்பவர், காவலர் நிற்காத சாலையில் அதனை மீண்டும் எடுக்கிறார். தடைக்கான காரணத்தை அறிந்தவரோ, காவலர் இல்லாத இடத்திலும் அதனைக் கடைப்பிடிக்கிறார்.

அக்காரணம் தெளிவானது. கனடாவின் டொராண்டோ நகரில் 699 ஓட்டுநர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அலைபேசியில் பேசும்போது மோதல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது எனக் கண்டது. கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளும் அதைவிடப் பாதுகாப்பானவையாகத் தெரியவில்லை என்றும் அவ்வாய்வு குறிப்பிட்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் இதே நான்கு மடங்கைச் சுட்டுகிறது. கை ஓய்ந்திருந்தாலும் மனம் உரையாடலில் ஈடுபட்டிருப்பதே இதற்குக் காரணம். கண் சாலையில் இருக்க, கருத்து வேறிடத்தில் இருப்பின் எதிரே குறுக்கிடும் சிறுவனைக் கண் கண்டும் கால் தடுப்பானை மிதிக்கத் தாமதமாகும்.

பிரிட்டன் 2003 டிசம்பரிலேயே கையில் பிடித்துப் பேசுவதைத் தடைசெய்தது. ஒளிப்படம் எடுத்தல், விளையாடுதல் போன்ற பயன்பாடுகளுக்கும் அத்தடையை 2022 மார்ச்சில் விரிவாக்கியது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு அலைபேசிப் பயன்பாட்டால் 1,997 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,040 பேர் உயிரிழந்தனர் என்பது நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவல். 2022ஆம் ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவ்வாண்டு மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மோதிய நொடியில் ஓட்டுநர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதைப் பின்னர் நிறுவுவது எளிதன்று. எனவே, ஏட்டில் ஏறிய எண்ணிக்கையைவிட உண்மை எண்ணிக்கை மிகுதியாகவே இருக்கக்கூடும்.

சோதிக்காமை பறித்த உயிர்

ஒரு செய்தியைச் சோதிக்காமல் அனுப்புவதால் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணுபவர், காஞ்சிபுரத்திற்கு அண்டை மாவட்டத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். 2018ஆம் ஆண்டு, குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்னும் பொய்ச்செய்தி புலனம் எனப்படும் வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் வழியாகக் குலதெய்வக் கோவிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தனர். கடத்தல்காரர் என்று கருதி ஊரார் தாக்கியதில் 65 அகவை மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அன்பினால் நீட்டிய இனிப்பு, ஒரு வதந்தியின் கண்ணுக்குக் குற்றத்தின் சான்றாகத் தெரிந்தது.

இத்தகைய கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்த பின்னர், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் 2018ஆம் ஆண்டு இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை அனுப்பப்பட்டு வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020ஆம் ஆண்டு மேலும் கட்டுப்படுத்தியது. பொறி விதிக்கும் வரம்பு வேகத்தைக் குறைக்கலாம். அனுப்புவதா, வேண்டாவா என்று முடிவு செய்வது மனித விரலே.

தண்டத்தைப் பற்றிய வதந்திக்கு மற்றொரு முகமும் உண்டு. 'நீங்கள் போக்குவரத்து விதியை மீறியுள்ளீர்கள், இந்தக் கோப்பைத் திறந்து தண்டத்தைச் செலுத்துங்கள்' என்று வரும் போலிச் செய்தியை நம்பி, அதனுடன் இணைந்த செயலிக் கோப்பை நிறுவிக்கொண்டு வங்கிப் பணத்தை இழந்தோர் பலர். கற்பனைத் தண்டத்தைக் கண்டு அஞ்சப் பழகிய மனம், மெய்யான கள்வனின் வலையில் எளிதில் விழுகிறது. வாரக் கூலியைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நெசவாளர் குடும்பத்திற்கு அவ்விழப்பு சிறிதன்று.

எங்கே சோதிப்பது?

சோதனைக்குரிய இடங்கள் பல உள்ளன. சட்டமும் விதித்திருத்தமும் அரசிதழில் வெளியாகின்றன. போக்குவரத்துத் துறை, காவல்துறை ஆகியவற்றின் இணையதளங்களில் அறிவிப்புகள் இடம்பெறுகின்றன. தம் வாகனத்தின்மேல் தண்டம் ஏதும் உள்ளதா என்பதை 'பரிவாகன்' என்னும் அரசுத் தளத்தில் வாகன எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம். பரவும் செய்திகளை ஆராய்ந்து விளக்கமளிக்க, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் 2019ஆம் ஆண்டு முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. தமிழ்நாடு அரசும் 2023ஆம் ஆண்டு உண்மை சரிபார்ப்பகத்தை ஏற்படுத்தியது. இவற்றுக்கு அப்பால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் விடை தர வேண்டியது அலுவலகத்தின் கடமை.

இத்தனை வாயில்கள் இருந்தும் மக்கள் வதந்தியின் வாயிலிலேயே நிற்பதற்கு, அவர்களின் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுவது முறையன்று. விடியற்காலையில் தறியில் அமர்ந்து பொழுது சாயும்வரை பாவிலும் ஊடையிலும் கண் பதித்திருப்பவருக்கு, அரசிதழைத் தேடிப் படிக்க நேரம் ஏது? தேடிக் கண்டாலும், சட்ட மொழியின் நீண்ட ஆங்கில வாக்கியங்கள் அவருக்கு எவ்வாறு விளங்கும்? வதந்தியோ எளிய தமிழில், ஐந்தே வரியில், அவர் உள்ளங்கைக்கே வந்து சேர்கிறது. மெய் மலையேறி நிற்க, பொய் வாசற்படிக்கு வந்தால் மக்கள் எதனைக் கேட்பர்?

ஆகவே, சோதிக்கும் கடமை குடிமக்களுக்கு இருப்பதுபோல், சோதனையை எளிதாக்கும் கடமை ஆள்வோருக்கும் உண்டு. உத்திரமேரூர்ச் சபையோர் தம் விதியை மக்கள் வந்து செல்லும் கோவில் சுவரில் எழுதினர். இன்றைய விதிகளும் மக்கள் கூடுமிடங்களில் எளிய தமிழில் எழுதப்பட வேண்டும். பேருந்துப் பணிமனை, நியாயவிலைக் கடை, பட்டுக் கூட்டுறவுச் சங்கம், பள்ளி ஆகியவற்றின் சுவர்களில், என்ன விதி, எந்த நாள் முதல், எவ்வளவு தண்டம், எதற்காக என்ற நான்கு வரிகள் போதும். அத்தகைய பலகை ஒன்று ஓரிக்கைத் தேநீர்க் கடையின் எதிரே இருந்திருப்பின், ஆட்டோ ஓட்டுநரின் வினாவுக்கு நிமிர்ந்து பார்த்தாலே விடை கிடைத்திருக்கும்.

அதுவரை, அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்வதே வழி. மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வீட்டுப் பெரியவர்களின் அலைபேசிக்கு வரும் செய்தியை வாசித்து, அதன் நாளையும் மூலத்தையும் தேடிச் சொல்லும் திறன் பல வீடுகளில் அவர்களிடமே உள்ளது. "தாத்தா, அந்தச் செய்தி பொய், ஆனால் அந்தத் தடை மெய்" என்று ஒரு பேத்தி சொல்லும்போது, அவ்வொரு வாக்கியத்தில் சோதனையின் இரு பாதிகளும் அடங்கிவிடுகின்றன.

தேநீர்க் கடைக் காட்சியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். செய்தி வருகிறது. ஓட்டுநர் கேட்கிறார். இம்முறை முதியவர், "தேதி போட்டிருக்கா, யாரு சொன்னதுன்னு இருக்கா, பாருப்பா" என்கிறார். இரண்டும் இல்லை. ஓட்டுநர் அதனை யாருக்கும் அனுப்பவில்லை. வண்டியைக் கிளப்பும்போது அழைப்பு வருகிறது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசி முடிக்கிறார். அலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தபின் புறப்படுகிறார். பின்னிருக்கையில் ஆறு பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் உங்கள் வீட்டினரின் அலைபேசிக்கு வந்த செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, சொன்னவர் யார், எந்த நாள் முதல், எந்த ஊருக்கு, எந்த அதிகாரத்தால் என்னும் நான்கு வினாக்களின் அடிப்படையில் சோதித்து எழுதுக.

2. 'நல்ல விளைவைத் தரும் பொய் ஏற்கத்தக்கதா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் வைக்கத்தக்க வகையில், வாகனம் ஓட்டும்போது அலைபேசியைப் பயன்படுத்துவது பற்றிய விதியை நான்கு வரிகளில் எளிய தமிழில் அறிவிப்புப் பலகையாக உருவாக்குக.